குழந்தையின் பாக்கியை வசூலிப்பது யார்?

கோர்ட்டு உத்தரவு என்பது ஒரு காகிதம். அதில் முத்திரை இருக்கிறது. நீதிபதியின் கையொப்பம் இருக்கிறது. பிரதி மாதமும் ஐந்தாம் தேதிக்குள் குழந்தையின் ஜீவனாம்சமாக இவ்வளவு ரூபாயைத் தகப்பன் செலுத்த வேண்டும் என்ற வாசகமும் தெளிவாக இருக்கிறது. அந்தக் காகிதத்துக்காக வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வருஷக் கணக்கில் கோர்ட்டு வராந்தாவில் நின்ற தாய், அதைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். ஐந்தாம் தேதி வருகிறது, போகிறது. பணம் வரவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. இனி என்ன செய்வது என்று வக்கீலைக் கேட்டால், இன்னொரு மனுப் போட வேண்டும் என்கிறார்.

அந்த இன்னொரு மனுவைப் பற்றித்தான் இன்று நாம் எழுத விரும்புகிறோம். ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமா, யாருக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பவற்றைப் பற்றி நம் நாட்டில் மேடையிலும் சட்டசபையிலும் கோர்ட்டிலும் வேண்டிய அளவு வாதம் நடந்திருக்கிறது. கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பான பிறகு, அதை வாங்கிக் கொடுப்பது யாருடைய வேலை என்ற கேள்விக்குத்தான் கேட்பாரில்லை. அது தாயின் வேலை என்று நாம் எல்லோரும் பேசாமல் ஒப்புக்கொண்டு விட்டோம் போலும்!

நம் நாட்டுச் சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆயினும் அடிப்படையில் அது நல்ல சட்டமே. 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 488-வது பிரிவாக இருந்தது. 1973-ல் 125-வது பிரிவாயிற்று. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 144-வது பிரிவாக இருக்கிறது. ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் இந்தப் பிரிவுக்குக் கிடையாது. தாய்க்கும் தகப்பனுக்கும் விவாகம் நடந்ததா என்றுகூட அது குழந்தையைப் பொறுத்த வரையில் கேட்பதில்லை. தன்னைத் தானே போஷித்துக்கொள்ள இயலாத குழந்தை, வசதியிருந்தும் புறக்கணிக்கும் தகப்பன், இவ்விரண்டும் ருஜுவானால் போதும். ஊர்ப் பஞ்சாயத்தும் உறவினரும் கைவிட்ட எத்தனையோ குழந்தைகளுக்கு இந்த ஒரு பிரிவு ஊன்றுகோலாக இருந்திருக்கிறது.

ஆனால் இந்த ஷரத்து ஏன் திருட்டும் கொலையும் விசாரிக்கிற கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதை எழுதிய வெள்ளைக்கார சர்க்காருக்குக் குழந்தைகளின் மேல் விசேஷ வாஞ்சை ஒன்றும் இருக்கவில்லை. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தெருவில் திரிந்தால் அமைதிக்குப் பங்கம் என்ற கவலைதான் அதற்கு இருந்தது. பட்டினியைத் தடுக்கிற போலீஸ் ஏற்பாடு இது. குழந்தையின் உரிமையைக் கணக்கிட்டுக் கொடுக்கிற ஏற்பாடு அன்று. சுதந்திர இந்தியா 1973-ல் சட்டத்தைத் திருப்பி எழுதியபோதும், ஒருவருக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்ற வரம்பை வைத்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்ட பிறகும், 2001-ல் பார்லிமெண்டு அதை எடுத்தெறிகிற வரையில், அந்த ஐந்நூறு ஐந்நூறாகவே இருந்தது. இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடிய வரையில் அறுபது நாளைக்குள் தீர்க்க வேண்டும் என்ற விதியும் அதே 2001-ல்தான் வந்தது. கூடிய வரையில் என்ற இரண்டு வார்த்தைகளில் எத்தனை வருஷங்களை அடக்கலாம் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால், 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு முன் வந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். அதில் ஜீவனாம்ச மனு குடும்ப கோர்ட்டில் ஒன்பது வருஷம் கிடந்திருக்கிறது. மூன்று வயதில் மனுவில் பெயர் எழுதப்பட்ட குழந்தைக்கு ஒன்பது வருஷத்தில் பன்னிரண்டு வயதாகிவிடும்! சுப்ரீம் கோர்ட்டு வேதனையோடு கண்டித்தது. நியாயந்தான்.

இனி உத்தரவு கிடைத்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு தாய்க்கு அவள் குழந்தைக்காக மாதம் 5,000 ரூபாய் உத்தரவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் கொடுக்கவில்லை. சட்டப்படி அவள் மறுபடியும் மாஜிஸ்டிரேட்டிடமோ குடும்ப கோர்ட்டிலோ மனுச் செய்ய வேண்டும். அபராதத் தொகையை வசூலிக்கிற முறையில் பாக்கியை வசூலிக்கக் கோர்ட்டு வாரண்டு பிறப்பிக்கும். வாரண்டுக்குப் பிறகும் நிலுவை இருந்தால், ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரையில் சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறையிலிருந்து வந்ததால் கடன் தீர்ந்துவிடாது என்றும், சிறை என்பது கொடுக்கச் செய்வதற்கான வழியே தவிரக் கொடுத்ததற்கு ஈடு அன்று என்றும் 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் எல்லாம் கடுமையாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில் என்ன? பாக்கி விழுந்த ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யாவிட்டால் அந்தத் தொகைக்கு இந்த வழியில் வாரண்டு கிடையாது. நம் திருநெல்வேலித் தாய், இந்த மாதம் கொடுப்பான், அடுத்த மாதம் கொடுப்பான் என்று பெரியவர்கள் சொன்ன சமாதானத்தைக் கேட்டுப் பதினாலு மாதம் பொறுத்திருந்தால், முதல் இரண்டு மாதத்துப் பணம் அவள் பொறுமைக்கு அபராதமாகப் போய்விடுகிறது. மனுப் போட்டால் சம்மன் சார்வாகாது. அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வரும். ஆள் சூரத்துக்கோ பெங்களூருக்கோ போய்விட்டான் என்று தெரிய வரும். அவன் எங்கே இருக்கிறானோ அந்த ஊர் மாஜிஸ்டிரேட்டே உத்தரவை நிறைவேற்றலாம் என்று சட்டம் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. உண்மைதான். ஆனால் சூரத்துக்கு ரயில் செலவு செய்து, அங்கே ஒரு வக்கீலைப் பிடித்து, ஹிந்தியோ குஜராத்தியோ பேசி மனுச் செய்ய வேண்டியவள் மாதம் 5,000 ரூபாய் இல்லாமல் தவிக்கிற அதே தாய். விலாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவளும் அவளே. அவனுக்கு என்ன சம்பளம், எங்கே நிலம், எந்த பாங்கியில் கணக்கு என்று துப்பறிய வேண்டியவளும் அவளே. வாரண்டு நாளில் அவன் ஒரு மாதத் தொகையைக் கட்டிவிட்டு, மீதிக்கு அவகாசம் கேட்பான். அவகாசம் கிடைக்கும். மறுபடியும் மனு, மறுபடியும் சம்மன். தகப்பன் ஒரு தடவை கொடுக்காமலிருப்பதற்கு ஒரு செலவும் இல்லை. தாய் ஒரு தடவை கேட்பதற்கு ஒரு நாள் கூலி போகிறது.

சர்க்காருக்கு வர வேண்டிய பணத்தின் கதை வேறு. நமது ராஜ்யத்தில் 1864-ம் வருஷத்து ரெவினியூ வசூல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சர்க்கார் பாக்கியை வசூலிக்கக் கலெக்டர் எந்தக் கோர்ட்டுப் படியையும் ஏறி இறங்க வேண்டியதில்லை. நோட்டீஸ், ஜப்தி, ஏலம் என்று கச்சேரியே முடித்துவிடும். நில வரி மட்டுமல்ல, அதைப்போல வசூலிக்கலாம் என்று சட்டம் சேர்த்துவிட்ட எத்தனையோ பாக்கிகளுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. மோட்டார் விபத்தில் நஷ்ட ஈடு பெற்றவர்களுக்குக்கூட, விபத்து டிரைபியூனல் சர்ட்டிபிகேட் அனுப்பினால், கலெக்டர் நில வரிப் பாக்கியைப்போல வசூலித்துத் தருகிறார். தகப்பனின் மோட்டார் மோதிக் கால் ஒடிந்த அயலார் குழந்தைக்குக் கலெக்டர் வசூலித்துக் கொடுப்பார். அதே தகப்பன் சோறு போடாமல் விட்ட சொந்தக் குழந்தைக்கு வசூலிக்க அதன் தாய் தெருத் தெருவாக அலைய வேண்டும்!

இங்கே ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். ஜீவனாம்சப் பாக்கியை அபராதத்தைப்போல வசூலிக்கலாம் என்கிறது சட்டம். அபராதத்தை எப்படி வசூலிக்கலாம் என்று சட்டத்தின் வேறொரு பக்கத்தைப் புரட்டினால், கலெக்டருக்கு வாரண்டு அனுப்பி நில வரிப் பாக்கியைப்போல வசூலிக்கச் சொல்லலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆகவே கலெக்டரின் கை குழந்தைக்காகவும் நீளலாம் என்பதைச் சட்டம் எப்போதோ ஒப்புக்கொண்டு விட்டது. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்து, தாயின் பெயரால் அந்த வாரண்டைக் கேட்டு, அது கலெக்டர் கச்சேரியில் எந்த மேஜையில் தூங்குகிறது என்று விசாரித்து எழுப்ப ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான் குறை, ஆனால் அதுவே முழுக் குறையும்.

இந்த வேலைக்கு ஓர் ஆளை நியமித்த நாடு அமெரிக்கா. அந்நிய நாட்டைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டும் என்பது நமது கட்சியல்ல. ஆயினும் ஒரு காரியத்தை ஒருவன் ஐம்பது வருஷமாகச் செய்து, அதில் நல்லதையும் கெட்டதையும் பார்த்திருக்கிறான் என்றால், அவனிடம் விசாரிப்பதில் மானக்குறைவு இல்லை. 1975-ம் வருஷம் ஜனவரி மாதம் ஜனாதிபதி போர்டு கையொப்பமிட்ட ஒரு சட்டத்தின்படி, அங்கே ஒவ்வொரு ராஜ்யமும் குழந்தை ஜீவனாம்ச வசூல் இலாகா ஒன்றை நடத்த வேண்டும். செலவில் நூற்றுக்கு 66 பங்கு மத்திய சர்க்கார் கொடுக்கிறது. கலிபோர்னியா, ஓஹையோ, நியூயார்க் போன்ற ராஜ்யங்களில் நமது ஜில்லாவுக்குச் சமமான கவுண்டி ஒவ்வொன்றிலும் இதற்கென்று ஒரு கச்சேரி இருக்கிறது.

குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர், தாயானாலும் தகப்பனானாலும் பாட்டியானாலும், அந்தக் கச்சேரியில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். மற்றவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவது கச்சேரியின் வேலை. தகப்பன் யார் என்பதில் தகராறு இருந்தால் ரத்த சம்பந்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும் அதன் வேலை. உத்தரவு இல்லாவிட்டால் வாங்குவதும், உத்தரவானபின் வசூலிப்பதும் அதன் வேலை. கச்சேரி தாயின் வக்கீல் அன்று. அது ராஜ்யத்தின் சார்பில் நடக்கிறது என்பதை அவர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சர்க்கார் உதவிப் பணம் ஒருநாளும் பெறாத குடும்பமானால், வருஷத்தில் 550 டாலர் வசூலான பிறகு 35 டாலர் கட்டணம் உண்டு. வக்கீல் பீஸோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

இதில் உயிர்நாடியான விஷயம் சம்பளப் பிடித்தம். 1984-லும் 1988-லும் வந்த சட்டங்களின்படி, பாக்கி விழும் வரையில் காத்திராமல், உத்தரவானவுடனேயே முதலாளிக்கு நோட்டீஸ் போய்விடுகிறது. வருமான வரியைப் பிடிப்பதுபோலக் குழந்தையின் பணத்தையும் முதலாளி பிடித்து, சம்பளம் போட்ட ஏழு வேலை நாளுக்குள் ராஜ்யத்தின் பொதுக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் முதலாளியே பொறுப்பு. அங்கிருந்து பணம் குழந்தையின் வீட்டுக்குப் போகிறது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தால் வார்த்தை தடிக்கிற இடத்தில் இது எவ்வளவு பெரிய நன்மை என்பதைக் குடும்ப வழக்குகளைக் கண்டவர்கள் அறிவார்கள். 1996-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. புதிதாக ஒருவனை வேலைக்கு வைக்கிற முதலாளி இருபது நாளைக்குள் அவன் பெயரை சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். டெக்ஸாஸில் வேலையை விட்டு ஓஹையோவில் வேலைக்குச் சேர்ந்தால், பிடித்தமும் பின்னாலேயே வந்து சேரும். வருமான வரியில் திருப்பித் தர வேண்டிய தொகையிலிருந்து பிடிப்பது, மோட்டார் லைசென்ஸை நிறுத்துவது, பாக்கி 2,500 டாலருக்கு மேல் போனால் பாஸ்போர்ட்டு மறுப்பது என்ற ஆயுதங்களும் உண்டு. ஆனால் வசூலில் மிகப் பெரும் பகுதி சத்தமில்லாத அந்தச் சம்பளப் பிடித்தத்தில்தான் வருகிறது என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். பயமுறுத்தலைவிட ஒழுங்குக்கு வசூல் அதிகம்.

அமெரிக்க முறை பழுதற்றது என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இரண்டு பெரிய கறைகள் உண்டு. முதலாவது, சர்க்கார் உதவிப் பணம் பெறுகிற ஏழைத் தாய் தன் ஜீவனாம்ச உரிமையை ராஜ்யத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தகப்பனிடம் வசூலானதை, கொடுத்த உதவிக்கு ஈடாக ராஜ்யமே எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் இதைச் சில ராஜ்யங்கள் ஓரளவு தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் குழந்தையின் பெயரால் வசூலித்துக் கஜானாவை நிரப்பிக்கொள்வதை எந்தப் பெயரிட்டு அழைப்பது? இரண்டாவது கறை ஏழைத் தகப்பன் சம்பந்தமானது. 1986-ல் வந்த ஒரு திருத்தத்தின்படி ஒரு தடவை விழுந்த பாக்கியைப் பின்னால் எந்தக் கோர்ட்டும் குறைக்க முடியாது. வேலை போனவன் உடனே ஓடிப்போய் உத்தரவை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடன் மலைபோல ஏறும். கட்ட முடியாதவனைச் சிறையில் வைப்பார்கள். சிறையிலிருந்தவனுக்கு வேலை கிடைக்காது. வேலை கிடைக்காதவனுக்குப் பாக்கி இன்னும் ஏறும். தெற்குக் கரோலினாவில் ஒரு வருஷச் சிறைத் தண்டனை பெற்ற ஒரு தகப்பனின் வழக்கில், கொடுக்கச் சக்தி இருக்கிறதா என்று சரியாக விசாரியாமல் சிறைக்கு அனுப்பியது தவறு என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் சொல்ல வேண்டியதாயிற்று. சிறையிலிருப்பதை மனமறிந்த வேலையின்மையாகக் கொள்ளக் கூடாது என்று மத்திய சர்க்கார் விதி செய்தது 2016-ல்தான். கொடுக்க மாட்டேன் என்பவனையும் கொடுக்க முடியவில்லை என்பவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் வரும் வினை இது.

பிரிட்டனின் அனுபவம் வேறு விதம். அங்கே 1993-ல் தேச முழுமைக்கும் ஒரே ஏஜென்ஸியை ஆரம்பித்துக் கணக்குப் போடுவதையும் வசூலிப்பதையும் கோர்ட்டிடமிருந்து எடுத்து அதனிடம் கொடுத்தார்கள். கணக்குத் தப்பிற்று, யந்திரங்கள் தப்பின, முந்நூறு கோடி பவுனுக்கு மேல் வசூலாகாமல் நின்றது. 2012-ல் புதிய இலாகா ஒன்றைத் தொடங்கி, 2014 முதல், அதன் மூலம் வசூலித்துத் தருவதற்குக் கொடுப்பவரிடம் நூற்றுக்கு 20, பெறுபவரிடம் நூற்றுக்கு 4 என்று கட்டணம் வைத்தார்கள். குழந்தையின் தட்டிலிருந்து நூற்றுக்கு நாலு கவளம்! ஜெர்மனியோ 1980 முதல் வேறொரு நேர்மையான வழியை அனுசரித்து வருகிறது. தகப்பன் கொடுக்காவிட்டால் சர்க்கார் ஒரு தொகையை முன்பணமாகக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அவனிடம் தானே வசூலித்துக்கொள்கிறது. 2017 முதல் பதினெட்டு வயது வரையில் இதை நீட்டியிருக்கிறார்கள். நமது கஜானா இன்றே அவ்வளவு தூரம் போகட்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை.

நாம் கேட்பது மிகச் சிறிய காரியம். நமது சட்டங்களில் ஏற்கெனவே உள்ள கருவிகளை எடுத்துப் பயன்படுத்துவதற்கு ஜில்லாவுக்கு ஓர் அதிகாரி வேண்டும். கருவிகள் இல்லாமலில்லை. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-வது பிரிவு, கொடுக்க வேண்டியவனுடைய முதலாளியே சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே தாயிடமோ கோர்ட்டிலோ கட்ட வேண்டும் என்று மாஜிஸ்டிரேட்டு உத்தரவிட இடமளிக்கிறது. அமெரிக்காவின் சம்பளப் பிடித்தத்துக்கும் இதற்கும் தத்துவத்தில் என்ன பேதம்? அங்கே அது உத்தரவோடு தானாக நடக்கிறது. இங்கே கேட்டால் கிடைக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டமும் ஜீவனாம்ச டிக்ரிக்குத் தனிச் சலுகை காட்டுகிறது. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஜப்தி செய்ய முடியும். ஜீவனாம்சத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வரையில் செய்யலாம். 2020-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் நீதிபதி சுபாஷ் ரெட்டியும் அளித்த தீர்ப்பு, இரு தரப்பாரும் தங்கள் வருமானத்தையும் சொத்தையும் பிரமாண பத்திரமாக ஆரம்பத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும், மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும், உத்தரவைப் பண டிக்ரியைப்போலவும் நிறைவேற்றலாம் என்று விதித்திருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவும் நிறைவேற்றக் கேட்கிற பொறுப்பைத் தாயின் தலையிலிருந்து இறக்கவில்லை. இறக்க அதற்கு அதிகாரமும் இல்லை. அது மந்திரி சபையின் வேலை.

அதிகாரியை எங்கே தேடுவது என்றும் யோசிக்க வேண்டியதில்லை. 2007-ம் வருஷத்தில் பார்லிமெண்டு, வயது முதிர்ந்த பெற்றோரின் பராமரிப்புக்காக ஒரு சட்டம் செய்தது. அதன்படி கோட்டம்தோறும் டிரைபியூனல் இருக்கிறது. வக்கீல் கூடாது. நோட்டீஸ் சேர்ந்த தொண்ணூறு நாளைக்குள் தீர்க்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, ஜில்லா சமூக நல அதிகாரியையோ அவருக்குக் குறையாத அந்தஸ்துள்ள ஒருவரையோ பராமரிப்பு அதிகாரி என்று நியமிக்க வேண்டும்; பெற்றோர் விரும்பினால் அவர் அவர்கள் சார்பில் டிரைபியூனலில் ஆஜராவார். மிகவும் நியாயமான ஏற்பாடு. மகன் கைவிட்ட பாட்டனாருக்கு சர்க்கார் ஓர் அதிகாரியைக் கொடுத்திருக்கிறது. அதே மகன் கைவிட்ட பேரனுக்கு மட்டும் ஏன் இல்லை? பாட்டனாராவது தடியை ஊன்றிக்கொண்டு கச்சேரிக்கு வரக்கூடும். தொட்டிலில் இருப்பது எப்படி வரும்?

இந்த அதிகாரிக்கே குழந்தைகளின் ஜீவனாம்ச உத்தரவுகளையும் ஒப்படைக்கலாம். கோர்ட்டு உத்தரவின் ஒரு பிரதி தானாகவே அவரிடம் வர வேண்டும். அன்றிலிருந்து பணம் அவர் கச்சேரிக் கணக்கின் வழியாகத்தான் நடக்க வேண்டும். வந்ததா வரவில்லையா என்பதற்குத் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு நோட்டுப் புஸ்தகத்தைக் கோர்ட்டில் நீட்டி வாதாட வேண்டியதில்லை. ஒரு மாதம் தவறினால் மறு மாதமே அவர் மனுச் செய்வார். ஒரு வருஷக் கெடு என்ற பொறியில் யாரும் விழ மாட்டார்கள். தகப்பன் வேறு ஜில்லாவிலிருந்தால் அந்த ஜில்லா அதிகாரிக்கு எழுதுவார். எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறான் என்பது வருங்கால வைப்பு நிதி ஸ்தாபனத்துக்கும் வருமான வரி இலாகாவுக்கும் தெரிந்த சங்கதி. அந்த ஒரு விவரத்தை, கோர்ட்டு அனுமதியோடு, இந்த அதிகாரி மட்டும் கேட்டுப் பெற வழி செய்தால் போதும். தாயின் கையில்கூட அந்த விலாசத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆட்சேபங்கள் கிளம்பும். நம் ஜனங்களில் மாதச் சம்பளக்காரர் எத்தனை பேர், கொத்தனாருக்கும் லாரி டிரைவருக்கும் எந்த முதலாளியிடம் நோட்டீஸ் கொடுப்பது என்பார்கள். இது பலமான ஆட்சேபமே. சம்பளப் பிடித்தம் அவர்களிடம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சம்பளக்காரரிடமாவது வசூல் ஒழுங்குபட்டால், கோர்ட்டின் பொழுது மற்றவர்களுக்கு மிஞ்சும். தவிரவும் கூலிக்காரத் தகப்பனிடம் ஜப்தி வாரண்டைவிட ஓர் அதிகாரி கூப்பிட்டனுப்பி, உன்னால் எவ்வளவு முடியும், வாரக் கூலியிலிருந்து வாரா வாரம் கட்டுகிறாயா என்று கேட்பதே அதிகப் பலன் தரக்கூடும். இன்று அப்படிக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

தகப்பன்மார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வேலை போயிற்று, வியாதி வந்தது, சம்பளம் குறைந்தது என்றால் உத்தரவை மாற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அவனும் இன்னொரு மனுதான் போட வேண்டும். அவனுக்கும் வக்கீல் பீஸ்தான். அமெரிக்காவின் இரண்டாவது கறை நம்மேல் படாமலிருக்க, பாக்கியை வசூலிக்கிற அதே அதிகாரி, நிலைமை மாறியவனின் மனுவையும் தாமே கோர்ட்டுக்கு அனுப்பி வைக்கக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை, நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிற தகப்பனும் உண்டு. அவன் துக்கத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பார்க்கிற உரிமைக்கு வேறு மனு உண்டு. அதையும் கோர்ட்டுகள் துரிதமாகத் தீர்க்க வேண்டும். ஆனால் பெரியவர்களின் சச்சரவு தீர்கிற வரையில் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் காத்திருக்காது. இரண்டையும் முடிச்சுப் போட அமெரிக்கச் சட்டமும் சம்மதிப்பதில்லை.

செலவைப் பற்றிச் சொல்லுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றும் செலவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே பாக்கிக்கு ஐந்து மனுக்களை ஏற்று, பத்துச் சம்மன்களை அனுப்பி, போலீஸ்காரரை வாரண்டோடு வேறு ஊருக்கு அனுப்புவதெல்லாம் யார் பணம்? கணக்கில் அது ஜீவனாம்ச வசூல் என்ற தலைப்பில் வராததால் நம் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவே.

சட்டசபை கூடுகிற வரையில்கூடக் காத்திராமல் ராஜ்ய சர்க்கார் ஓர் உத்தரவினாலேயே ஒரு ஜில்லாவில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். கலெக்டர் கச்சேரியில் ஒரு மேஜை, இரண்டு குமாஸ்தாக்கள், ஹைக்கோர்ட்டின் சம்மதத்தோடு உத்தரவுப் பிரதிகள் அங்கே வந்து சேர ஓர் ஏற்பாடு. சமூக நல மந்திரியும் சட்ட மந்திரியும் ஒரு மாலைப் பொழுது சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது.

அதுவரையில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1987-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உதவி உரிமையாகக் கிடைக்கும். ஜில்லா கோர்ட்டிலும் தாலூகா கோர்ட்டிலும் அதற்கான சட்டப் பணிக் குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம். பாக்கி மனு எழுதுகிறபோது, சம்பளக்காரனானால் முதலாளியிடமே பிடிக்க வேண்டும் என்றும், நிலம் வீடு உள்ளவனானால் கலெக்டருக்கு வாரண்டு அனுப்ப வேண்டும் என்றும் அதிலேயே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பணம் தவறிய மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெரியவர்கள் சமாதானம் பேசுகிறார்கள் என்பதற்காகப் பதின்மூன்றாவது மாதம் வரையில் பொறுத்திருக்க வேண்டாம்.